கருப்பசாமியின் சீமைக்கருவை

கருப்பசாமி சாதுவான மனிதர். எங்கள் தெருவில் யார் வீட்டுக் குழாய் உடைந்தாலும் முதலில் வந்து நிற்பார். அனுமார் கோயிலில் அன்னதானக் கரண்டியை அவர் கையில் கொடுத்தால் யாருக்கும் குறைத்துப் போடமாட்டார். டெக்சாஸ் மாநிலத்து ஃபிரிஸ்கோவில் எங்களுக்கு அடுத்த வீடு. இத்தனை வருடத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது ஒரே ஒரு விஷயத்துக்குத்தான். அது ஒரு மரம்.

ஒரு ஜூலை நாலாம் தேதி, அமெரிக்கச் சுதந்திர தின விடுமுறையில், கொல்லைப்புறத்தில் சோளமும் பனீரும் சுடலாம் என்று என் கணவர் பாலசுப்ரமணியன் கடையிலிருந்து ஒரு மூட்டைக் கரி வாங்கி வந்தார். மெஸ்கீட் மரத்துக் கரி. டெக்சாஸ்காரர்கள் அந்தப் புகை வாசனைக்கு உயிரையே விடுவார்கள். கருப்பசாமி மூட்டையைத் திருப்பி, அதிலிருந்த மரத்தின் படத்தைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

“இதையா காசு குடுத்து வாங்குனீக?”

“ஏன், நல்ல பிராண்டுதானே?” என்றார் என் கணவர்.

“இது எங்கூரு சீமைக்கருவை சார். அதே ஜாதி. எங்கப்பா நெலத்தையே தின்ன மூதேவி மரம். கெணத்துத் தண்ணிய உறிஞ்சி, வயலெல்லாம் முள்ளாக்கி, ஒரு குடும்பத்தையே நடுத்தெருவுல நிறுத்துன மரம்!”

சாப்பிடாமலே எழுந்து போய்விட்டார். அவர் மனைவி எழிலரசி தட்டைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். “விடுங்க டாக்டர். அவருக்கு அந்த மரத்தோட பேர கேட்டாலே பிபி ஏறும்.” அவர் சொந்த ஊர் கமுதிப் பக்கம். சென்னையிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு மரத்தின் மேல் ஒருவருக்கு இத்தனை ஆத்திரம் வரும் என்பதே புதுச் செய்தி.

அப்படிப்பட்டவர் போய் ஜாக்ஸ்பரோ பக்கம் நாற்பது ஏக்கர் நிலம் வாங்கினார். எங்கள் வீட்டிலிருந்து மேற்கே கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் டிரைவ். வாங்கியதற்கு ஒரே காரணம் மான்.

நிலத்தைக் காட்ட ரியல் எஸ்டேட் ஏஜெண்ட் அழைத்துப்போன அன்று, பொழுது சாயும் நேரத்தில் புதருக்குள்ளிருந்து மூன்று மான்கள் வெளியே வந்தனவாம். இவர்கள் நிற்பதைப் பார்த்ததும் வாலைத் தூக்கின. வாலின் அடியெல்லாம் வெள்ளை. மூன்று வெள்ளை வால்களும் துள்ளித் துள்ளி இருட்டுக்குள் போய் மறைந்தன. மறுநாள் காலையில் காபிக் கோப்பையோடு வந்து இதை எனக்குச் சொன்னார். நெட்வொர்க் என்ஜினியர், ஆபீஸில் நாலு பேரை விரட்டி வேலை வாங்குகிறவர், கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“நம்ம நெலத்துல அது நடக்கும், டாக்டரம்மா. நம்ம பாட்டுக்கு உக்காந்து பாத்துக்கிட்டே இருக்கலாம்.”

மானைப் பார்த்தவர், அது எந்தப் புதரிலிருந்து வந்தது என்று பார்க்கவில்லை. பத்திரம் முடிந்து, முதல் சனிக்கிழமை நிலத்துக்குள் கால் வைத்தபோதுதான் ஒரு முள் ஷூவைத் துளைத்துக்கொண்டு ஏறியது. குனிந்து பிடுங்கினார். முள்ளைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். நிலத்தில் பாதி மெஸ்கீட்.

அப்புறம் நடந்தது ஒரு யுத்தம். புல்டோசர் வைத்து வேரோடு பிடுங்கினார். புல்டோசர் போகமுடியாத வடக்கு மூலையில், ஓடைச் சரிவில் இருந்ததை வாரா வாரம் தானே பெட்ரோல் ரம்பத்தால் அறுத்தார். மரத்தோடு நிற்கவில்லை. இலந்தை ஜாதி முள்புதர், காட்டுப் பிளம், பூண்டு, களை எதையும் விட்டுவைக்கவில்லை. வாட்ஸப் குரூப்பில் படம் போட்டார். ஒரு முள் இல்லை, கல்யாண மண்டபத்துக் கம்பளம் மாதிரி ஒரே பச்சை. நாங்கள் எல்லோரும் கைதட்டும் எமோஜி போட்டோம்.

மான் மட்டும் வரவில்லை.

மக்காச்சோளம் கொட்டிவைத்தார். காட்டுப்பன்றி வந்து தின்றது. கேமரா கட்டினார். அதில் படமாக விழுந்தது பக்கத்து ஆள் வீட்டு மாடு. மேற்கு வேலிக்கு அந்தப் பக்கம், யாரும் கவனிக்காமல் புதர் மண்டிக் கிடந்த நிலத்தில் மான்கள் மேய்ந்தன. வேலி வரை வரும், இவர் நிலத்தை ஒரு பார்வை பார்க்கும், திரும்பிப் போய்விடும். ஒரு வருடம் இப்படி. ஆட்டுக்கறி இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை விடியாத மனிதர், வேட்டைக்கு நிலத்தைக் குத்தகை கேட்டு வந்தவர்களையெல்லாம் வாசலோடு அனுப்பினார். சுடுவதற்கு அங்கே என்ன இருந்தது என்பது வேறு விஷயம்.

கடைசியில் மாநில வனவிலங்குத் துறைக்கு எழுதிப்போட்டார். சொந்த நிலத்தில் மான் வரவேண்டும் என்று கேட்டால் அவர்கள் ஆள் அனுப்பி இலவசமாகவே யோசனை சொல்வார்கள். வந்தது ரேச்சல் என்ற உயிரியல் நிபுணர். நிலம் முழுவதும் நடந்தாள். ஜீப் பக்கம் வந்து நின்றுகொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாளாம். “மான் இங்கே எங்கே படுக்கும்?”

இவர் நாலு பக்கமும் திரும்பிப் பார்த்தார். ஒரே பச்சை.

வெள்ளைவால் மானுக்குப் புல் பெரிய சாப்பாடே இல்லை என்று அவள்தான் சொன்னாள். அது தின்பது இவர் பிடுங்கிப்போட்ட களையை, புதரின் கொழுந்தை. வெயில் காலத்தில் எல்லாம் காய்ந்துபோகும்போது அதன் வயிற்றை நிரப்புவது மெஸ்கீட் காய். மதியத்து நிழல் மெஸ்கீட். குட்டியை ஒளித்துவைப்பது அதன் அடியில் வளரும் உயரப் புல்லில். இந்த மண்ணில் அது வந்தேறி இல்லை, மானைப்போல இங்கேயே பிறந்தது. “வீட்டையும் சமையலறையையும் பிரசவ அறையையும் இடித்துவிட்டு, கம்பளத்தை மட்டும் விரித்து வைத்திருக்கிறீர்கள்” என்றாள்.

அப்புறம் வடக்கு மூலையைக் காட்டினாள். ரம்பத்தால் அறுத்த அடிமரம் ஒவ்வொன்றிலிருந்தும் பத்து இருபது கிளைகள் முழங்கால் உயரத்துக்கு வெடித்துக் கிளம்பியிருந்தன. சீமைக்கருவையின் குணமே அதுதானே. அவற்றுக்கென்றே ஒரு கேன் களைக்கொல்லி வாங்கி ஷெட்டில் வைத்திருந்தார் கருப்பசாமி.

“அதை ஊற்றாதீர்கள்” என்றாள் ரேச்சல். “உங்களிடம் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான்.”

அன்று ராத்திரி எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். “அந்த மரத்த நானே வளக்கணுமாம்” என்றார். அவ்வளவுதான். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

வளர்த்தார். அதுதான் அவரைப் பற்றி நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம். பிறந்ததிலிருந்து வெறுத்த ஒன்றை, தன் கையால், தன் நிலத்தில், ஒருவர் விட்டுவைக்கப் பழகுவதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். வெட்டிய கிளைகளைக் குவித்துப் புதர் மாதிரி போட்டார். குளிர்காலத்தில் அங்கங்கே மண்ணை லேசாகக் கீறிவிட்டு, களை முளைக்கிறதா என்று போய்ப் போய்ப் பார்த்தார். முளைத்ததும் போட்டோ அனுப்பினார். பிடுங்கிய இலந்தையையும் பிளம்மையும் கன்று வாங்கி நட்டார். “ஊர்ல எல்லாரும் களை எடுப்பாங்க, இவரு களைக்கு உரம் போடுறாரு” என்றாள் எழில். அதைச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை. சனி ஞாயிறு முழுக்க அந்த வீட்டில் அவள் தனியாகத்தான் இருந்தாள். மகனும் காலேஜுக்குப் போய்விட்டான்.

இன்னும் இரண்டு வருடம் போயிற்று. மான்கள் வேலிக்கு அந்தப் பக்கமே நின்றன.

இந்த மே மாதக் கடைசியில் எழில் உடைத்தே சொல்லிவிட்டாள். “ஏங்க, அது வராதுங்க. ஒண்ணு அந்த நெலத்த வித்துருங்க, இல்லன்னா அங்கயே ஒரு கட்டில போட்டுப் படுத்துக்கோங்க.” அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அவருக்கும் தெரிந்தது. ஏஜெண்ட்டுக்குப் போன் போட்டார். ஏஜெண்ட் ஜூன் முதல் சனிக்கிழமை மத்தியானம் படம் எடுக்க வருவதாகச் சொன்னான். அதற்குள் புல்லை வெட்டிச் சுத்தமாக வைக்கச் சொன்னான். வசந்தத்தின் முடிவில் புல்லில் கைவைக்கக் கூடாது, குட்டி போடும் காலம் என்று ரேச்சல் சொல்லியிருந்தாள். “மானே வரல, குட்டி எங்கேருந்து வரும்” என்றார் கருப்பசாமி. அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அந்தக் குரலில் கோபம்கூட இல்லை. எனக்கு மனசுக்குச் சங்கடமாக இருந்தது.

விற்பதற்கு முன் கடைசியாக ஒருமுறை எல்லோரும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம் என்று அந்தச் சனிக்கிழமை காலையிலேயே இரண்டு குடும்பமும் கிளம்பினோம். நான் புளியோதரை, எழில் தயிர்சாதம். உண்ணிக்குப் பயந்து நான் அந்த நிலத்தின் புல்லில் ஒருநாளும் இறங்கியதில்லை. அன்றும் கேட்டருகில் காரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். கருப்பசாமி வாடகை டிராக்டரில் ஏறி, பின்னால் புல்வெட்டியை மாட்டி, கேட்டுக்குப் பக்கமாக இருந்த வடக்கு மூலையில், சரிவின் மேல்ஓரத்திலிருந்து தொடங்கினார். அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்கவில்லை.

அப்போதுதான் அதைப் பார்த்தேன். வெட்டவெளியில், நட்டநடு வெயிலில், டிராக்டருக்கு எதிரே ஒரு பெண்மான் நின்றது.

மூன்று வருடமாகக் கருப்பசாமி எனக்குப் பாடம் எடுத்திருக்கிறார்: கார் கதவைச் சாத்தும் சத்தத்துக்கே கால் மைலுக்கு ஓடிவிடும் பிராணி. இது ஓடவில்லை. முன்னங்காலைத் தூக்கித் தரையில் ஓங்கி மிதித்தது. மறுபடி மிதித்தது. டிராக்டர் வந்துகொண்டே இருந்தது. வெயிலில் கண் கூசியதாலோ, பின்னால் திரும்பி வெட்டியைப் பார்த்தபடி ஓட்டியதாலோ, அவர் கவனிக்கவில்லை. மான் நாலடி பின்வாங்கியது. மறுபடி முன்னால் வந்து மிதித்தது.

நான் குழந்தைகள் டாக்டர். பயந்து நடுங்கிக்கொண்டே இடத்தைவிட்டு நகராத அம்மாக்களைத் தினம் பார்க்கிறேன். எனக்குப் புரிந்துவிட்டது.

“நிறுத்துங்கோ! கருப்பசாமி, நிறுத்துங்கோ!”

கேட்கவில்லை. உண்ணியாவது பாம்பாவது, இடுப்பளவு புல்லுக்குள் இறங்கி ஓடினேன். என் வயதுக்கும் எடைக்கும் அது ஓட்டமே இல்லை என்று என் கணவர் பிறகு சொன்னார். துப்பட்டாவைத் தலைக்கு மேலே வீசியதில் கருப்பசாமியின் கண்ணில் பட்டுவிட்டேன். என்ஜின் நின்றது. மான் வாலைத் தூக்கி, வெள்ளையாக ஒருமுறை மின்னி, ஓடைப் பக்கம் போய் நின்றுகொண்டது.

“என்ன டாக்டரம்மா, பாம்பா?”

“குட்டி இருக்கு. இங்கதான் எங்கேயோ இருக்கு. நகராதீங்கோ.”

டிராக்டரின் முன்சக்கரத்துக்கு ஒரு கை தள்ளி இருந்தது. அவர் அறுத்துப் போட்ட அடிமரம் ஒன்று, அதிலிருந்து ஆளுயரத்துக்கு எழும்பிய கருவைக் கொப்புகள், அதனடியில் வளைந்த புல்லுக்குள் சுருண்டு கிடந்தது. செம்பழுப்பு உடம்பில் வெள்ளை வெள்ளைப் புள்ளிகள். இலையிடுக்கில் விழுந்த வெயிலுக்கும் அந்தப் புள்ளிக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கண் திறந்திருந்தது. எங்களைப் பார்த்தது. கண்மேல் ஒரு ஈ நடந்தது. இமைக்கவில்லை. அத்தனை பெரிய இரும்பு தலைக்கு மேலே உறுமிக்கொண்டு வந்திருக்கிறது, ஒரு மயிர்க்கால்கூட அசையவில்லை.

ஊசியைக் காட்டினாலே ஊரைக் கூட்டும் பிள்ளைகளோடு இருபத்தைந்து வருடம் காலம் தள்ளியவள் நான். பிறந்து ஒரு வாரம்கூட இருக்காது அதற்கு. அசையாதே என்று அம்மா சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள், அது அசையவில்லை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கோயிலில்கூட எனக்கு அப்படி ஆனதில்லை, அதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

கருப்பசாமி டிராக்டரை நகர்த்தவில்லை. சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, வந்த தடத்திலேயே பின்னால் நடந்தார். நானும் நடந்தேன். கேட்டருகில் எழில் நின்றிருந்தாள். அவர் வாயைத் திறக்குமுன் அவள் முந்திக்கொண்டாள்.

“நானும் பாத்தேன். எல்லாரும் கார்ல ஏறுங்க. கதவ சாத்தாதீங்க, சத்தம் வரும்.”

காருக்குள் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டோம். கருப்பசாமி சாப்பிடவில்லை, பைனாகுலரை இறக்கவே இல்லை. ஏஜெண்ட் வந்தான். பாதி வெட்டிய புல்லையும் நடுவில் அனாதையாக நிற்கும் டிராக்டரையும் பார்த்துவிட்டு என்ன ஆயிற்று என்றான். எழில்தான் கீழே இறங்கினாள். விற்பதாக இல்லை என்று தணிந்த குரலில் ஆங்கிலத்தில் சொல்லி, அவன் கையில் ஒரு டப்பா தயிர்சாதத்தைக் கொடுத்து அனுப்பிவைத்தாள்.

வெயில் தாழ்ந்ததும் பெண்மான் வந்தது. ஒவ்வொரு அடியாக, டிராக்டரைச் சுற்றி மோந்துகொண்டே வந்தது. அடிமரத்தருகில் குனிந்தது. புல்லுக்குள்ளிருந்து அந்தக் குட்டி நாலு குச்சிக் கால்களை ஊன்றி எழுந்து, தாயின் அடியில் முட்டிமுட்டிப் பால் குடித்தது. குடிக்கும்போது அந்தத் துளி வால் படபடவென்று அடித்துக்கொண்டது. பிறகு இரண்டும் கருவைக் கொப்புகளை விலக்கிக்கொண்டு உள்ளே போயின. முள் மூடிக்கொண்டது.

கருப்பசாமி பைனாகுலரை மடியில் வைத்தார்.

“எங்கப்பா இதத்தான் வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்குவாரு” என்றார். “நெலம் போனதுக்கப்புறம் அதுதான் பொழப்பு. வெட்ட வெட்ட மொளைக்கும். மொளைக்க மொளைக்க வெட்டுவாரு. நான் படிச்சது, பிளேன் ஏறுனது எல்லாம் அந்தக் கரியிலதான். கரிமூட்டக்காரன் மகன்னு சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு, அந்த மரத்த வஞ்சுக்கிட்டே இருந்துட்டேன்.”

எழில் திரும்பிப் பார்த்தாள். இருபத்தாறு வருடக் கல்யாணத்தில் அவளும் அதை அன்றுதான் கேட்கிறாள் என்று முகத்திலேயே தெரிந்தது. டப்பாவைத் திறந்து, தயிர்சாதத்தை ஒரு வாய் பிசைந்து, அவரிடம் நீட்டினாள். அந்த முள்புதரை விட்டுக் கண்ணை எடுக்காமலே அவர் வாங்கிச் சாப்பிட்டார்.