சங்கு கேட்

கிழிந்த காலுறையின் ஓட்டை வழியாகப் பெருவிரல் நுனியில் ஏறிய அந்தக் குளிர்ச்சியை இப்போது நினைத்தாலும் கால் தானாக மடங்கிக்கொள்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் அம்பத்தூர் தொழிற்பேட்டையின் எத்தனையோ இரும்புக் கொட்டகைகளில் அதுவும் ஒன்று. உள்ளேயோ முகம் பார்க்கும்படி மின்னும் தரை, ஏசிக் குளிர், காப்பிக்கொட்டை வாசனை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பத்திரண்டு பேரும் அந்தக் கம்ப்யூட்டர் கம்பெனிக்குள் ஷூ இல்லாமல்தான் நுழைந்தோம். யாரும் கழற்றச் சொல்லவில்லை. எங்கள் பள்ளியில் "கம்ப்யூட்டர் ரூம்" என்றாலே செருப்பை வாசலில் விட வேண்டும். தூசு பட்டால் கம்ப்யூட்டருக்குக் காய்ச்சல் வந்துவிடும் என்பதுபோல எங்களைப் பயமுறுத்தி வைத்திருந்தார்கள். இரண்டே கம்ப்யூட்டர் இருந்த அறைக்கே அத்தனை மரியாதை என்றால், கட்டடம் முழுக்கக் கம்ப்யூட்டராக இருக்கும் இடத்துக்கு எவ்வளவு மரியாதை வேண்டும்? வருகை எண் வரிசைப்படி ஷூக்களைச் சுவரோரம் அடுக்கிவிட்டுக் கைகட்டி நின்றோம். எங்களுக்குச் சுற்றிக்காட்ட வந்த கீர்த்தனா அக்கா அந்த நீண்ட வரிசையை ஒரு நிமிடம் பார்த்தார். சிரிக்கவில்லை. தன் செருப்பையும் கழற்றி வரிசையின் கடைசியில் வைத்துவிட்டு, "வாங்க, போகலாம்" என்றார்.

அந்த வரிசையில் என் ஷூதான் பிள்ளைகளுடையதில் கடைசி. வைதேகி என்ற பெயருக்கு எங்கள் வகுப்பில் கிடைத்த பரிசு அது: வருகை எண் நாற்பத்திரண்டு. வாரம் ஒரு நாள்தான் கம்ப்யூட்டர் வகுப்பு. முதல் எண்ணிலிருந்து இரண்டு இரண்டு பேராகக் கூப்பிடுவார்கள். முப்பதைத் தாண்டுவதற்குள் மணி அடித்துவிடும், அடுத்த வாரம் மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பம். அரை வருடம் ஓடியும் நான் கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை. வகுப்பு முடிந்ததும் அதற்குத் துணி உறை போட்டு மூடும் வேலை மட்டும் எனக்கு. எவ்வளவு எரிச்சல் வரும் தெரியுமா!

எங்களைப் பார்த்துப் பிடித்துப்போனால் பழைய கம்ப்யூட்டர் பத்து தருவதாக அந்தக் கம்பெனி சொல்லியிருந்தது. இருக்கும் இரண்டோடு சேர்த்துப் பன்னிரண்டு ஆனால் என் முறையும் வரும் என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்திருந்தேன். கம்ப்யூட்டர் பாடம் எடுக்கும் சுகந்தி டீச்சருக்கோ பேருந்து ஏறியதிலிருந்து அது கைநழுவிவிடுமோ என்ற கவலை. "தவளை தன் வாயால கெடும். கேள்வி கேக்க மூணு பேருக்கு எழுதிக் குடுத்திருக்கேன். மத்தவங்க வாயத் தொறந்தா அவ்ளோதான்" என்று என்னைப் பார்த்தே சொன்னார். என் வாயைப் பற்றி அவருக்கு முன்னனுபவம் உண்டு.

உள்ளே போனால், வாயை மூடிக்கொண்டு பார்க்கக்கூடிய இடமாகவா இருந்தது அது! மாடியிலிருந்து இறங்கச் சறுக்குமரம். நாற்காலிக்குப் பதில் ஊஞ்சல். நிஜ ஆட்டோ ஒன்றை நடுக்கூடத்தில் நிறுத்தி, அதற்குள் உட்கார்ந்து இருவர் ஏதோ தீவிரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று ஒரு சுவரையே விட்டிருந்தார்கள். வகுப்புச் சுவரில் கிறுக்கி முட்டி போட்டவள் நான். சுவருக்குப் பக்கத்தில் எங்கள் பள்ளியில் மணியாகத் தொங்குவது போலவே ஒரு தண்டவாளத் துண்டு. சிக்கல் எதையாவது தீர்த்தவர் அதை அடிக்கலாம், வாட்ச்மேன் தீர்த்தாலும் சரி என்றார் கீர்த்தனா அக்கா. எங்கள் பள்ளியில் பியூன் அண்ணனைத் தவிர வேறு யார் அதைத் தொட்டாலும் தொலைந்தார்கள்.

வீடுகளுக்குச் சாப்பாடும் பார்சலும் கொண்டுபோகிறவர்களுக்கு வழி காட்டுவதுதான் அவர்களுடைய தொழில். பெரிய திரையில் பூந்தமல்லி முதல் ஆவடி வரை வரைபடம். அதில் வண்டிகள் மஞ்சள் புள்ளிகளாக ஊர்ந்தன. ஓரிடத்தில் மட்டும் புள்ளிகள் வந்து, நின்று, திரும்பிப் போயின. அதைச் சிவப்பு வட்டமிட்டு, எழுதும் சுவரில் "இங்கே ஏன் நிற்கிறார்கள்?" என்று கேட்டிருந்தார்கள். கீழே ஆளாளுக்குப் பதில் எழுதியிருந்தார்கள்: பள்ளம் தோண்டியிருக்கிறதா? நாய்த் தொல்லையா? டீக்கடையா?

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த வட்டத்துக்குள் இருந்தது எங்கள் வீடு.

அப்பாவுக்கு ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை. குவார்ட்டர்ஸின் கடைசி வரிசையில், பூட்டிய பின்கேட்டை ஒட்டினாற்போல் எங்கள் வீடு. அந்தப் பூட்டு திறந்து நான் பார்த்ததே கிடையாது. ஆனால் வரைபடத்துக்கு அது தெரியவில்லை. நாள் முழுக்க யாராவது கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்று, "இன்னாக்கா இது, மேப்பு இப்டித்தான் காட்டுது, கேட்டு பூட்டிக்கீதே!" என்று அம்மாவிடம் புலம்புவார்கள். மதுரைக்கார அம்மா, "சுத்தித்தான்ப்பா போகணும். அதுக்கு முன்னாடி தண்ணியக் குடி, வேர்த்துக் கொட்டுதுல்ல" என்று கம்பி இடுக்கில் சொம்பை நீட்டுவாள். அவர்களுக்காகவே மதில் நிழலில் ஒரு பானை இருந்தது. ஆக, டீக்கடை என்று எழுதியவர் ஓரளவு நெருங்கித்தான் வந்திருந்தார்.

சொல்லவா, வேண்டாமா? வந்த இடத்தில் குற்றம் கண்டுபிடித்தால் பத்து கம்ப்யூட்டரும் போய்விடும். போனால் ஊரே என்னைத்தான் திட்டும். ஒரு பக்கம் டீச்சருடைய தவளை கத்தியது. மறுபக்கம், "வாயுள்ள பிள்ளை பொழைக்கும்டி" என்னும் அம்மாவின் குரல். திரையில் இன்னொரு புள்ளி வந்து நின்றது. யாரோ வெயிலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்று நினைத்ததும் பொறுக்கவில்லை.

"அக்கா, அது டீக்கடை இல்ல. எங்க ஊடு."

"வைதேகி!" என்று டீச்சர் பல்லைக் கடித்தார். கீர்த்தனா அக்கா கையிலிருந்த பேனாவை என்னிடம் நீட்டினார். கிழிந்த காலுறையோடு சுவர் முன் போய் நின்றேன். பூட்டிய கேட், மதில், அதைச் சுற்றிப் போகும் பாதை, திறந்திருக்கும் முன்கேட் என்று ஒவ்வொன்றாக வரைந்தேன். ஆட்டோவுக்குள் பேசிக்கொண்டிருந்தவர்கள்கூட இறங்கி வந்துவிட்டார்கள்.

"அந்த முன்கேட்டுக்கு என்ன பேர்?" என்று கேட்டார் அக்கா.

"சங்கு கேட்டுக்கா. அங்கதான் ஃபேக்டரி சங்கு ஊதும்."

நாங்கள் ஆளுக்கு இரண்டு முறை சறுக்கி இறங்குவதற்குள் அவர்கள் வழியை மாற்றிவிட்டார்கள். எல்லோரும் திரை முன் கூடினோம். ஒரு புள்ளி வழக்கம்போல எங்கள் பின்கேட்டை நோக்கிப் போகும் திருப்பத்துக்கு வந்தது, திரும்பவில்லை. நேராகப் போய், மதிலைச் சுற்றி, சங்கு கேட் வழியாக உள்ளே நுழைந்தது. கூடமே கத்தியது. அக்கா என் கையில் இரும்புக் கம்பியைக் கொடுத்தார். நான் பயத்தோடு டீச்சரைத் திரும்பிப் பார்த்தேன்.

"என்ன பாக்கற? அடிடி, நல்லா சத்தமா அடி!" என்றார் சுகந்தி டீச்சர். அவர் கண் கலங்கியிருந்தது. அடித்தேன் பாருங்கள் ஓர் அடி, காது இரண்டும் ரீங்கரித்தன. உலகத்தையே ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது.

அந்த மாதமே கம்ப்யூட்டர்கள் வந்து இறங்கின. "இந்த வாரம் கடைசியிலேர்ந்து கூப்பிடறேன்" என்று ஆரம்பித்தார் டீச்சர். அதுவரை உறையைப் போட மட்டுமே தெரிந்த நான் முதன்முதலாக அதை உருவிவிட்டு எதிரே உட்கார்ந்தேன். வீட்டில் அம்மாவுக்குத்தான் கொஞ்ச நாள் ஏமாற்றம். "ஒருத்தனும் வரலையே, தண்ணி அப்டியே இருக்கு" என்று பானையை எட்டி எட்டிப் பார்த்தாள்.

இப்போது அந்தக் கம்பெனி அங்கே இல்லை. ஆட்கள் அவரவர் வீட்டிலிருந்தே வேலை செய்யப் போக, கொட்டகை அட்டைப்பெட்டி அடுக்கும் கிடங்காகிவிட்டது. நான் எழுதிய சுவருக்கு வெள்ளையடித்துவிட்டார்கள். அப்பா ஓய்வு பெற்று நாங்கள் வேப்பம்பட்டுக்குக் குடிவந்தாயிற்று. எங்கள் வரிசை வீடுகளை இடித்தாயிற்று. சங்கு ஊதுவதும் எப்போதோ நின்றுபோனது.

போன வாரம் குவார்ட்டர்ஸில் இருக்கும் தோழி வீட்டுக்குப் போயிருந்தபோது பிரியாணி சொன்னோம். சிறிது நேரத்தில் போன் வந்தது. "அக்கா, சங்கு கேட்டாண்ட வந்துகினு கீறேன், ரெண்டே நிமிசம்."

வந்தவருக்குச் சொம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டு, "சங்கு கேட்டுன்னா இன்னான்னு தெரியுமா தம்பி?" என்றேன்.

"தெரியாதுக்கா. மேப்புல அப்டித்தான் போட்டுக்கீது."

"அதப் போட வச்சது நான்தான்."

அவர் நம்பவில்லை. தண்ணீரைக் குடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினார். நம்பாவிட்டால் என்ன, வழி தவறாமல் வந்தாரே!