ஜன்னலோரப் பாய்

இருங்காட்டுக்கோட்டையில் கார் கம்பெனி கேட், அதைத் தாண்டினால் பிள்ளையார் கோயில், கோயிலுக்குப் பின்னால் எங்கள் வாடகை அறை. ஊருக்கு ஒருத்தராகப் பன்னிரண்டு பேர்; பாய்கள் அதில் பாதி. நைட் ஷிப்ட் முடிந்து நான் வந்து படுக்கும்போது, பகல் ஷிப்டுக்குப் போனவனின் சூடு பாயில் அப்படியே இருக்கும். தலையணை முழுக்கப் பிசுபிசுவென்று எண்ணெய், எச்சில் கறை. நாறும்.

"வேற பாய் குடுங்கக்கா" என்று வீட்டுக்கார அக்காவிடம் கெஞ்சினேன்.

"குடுக்கிற வாடகைக்கு இன்னா மெத்தையா போடுவாங்கோ? போய்ப் படு தம்பி."

அந்தப் பகல் ஷிப்ட்காரன் முகத்தை நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் தினமும் அவனைத் திட்டிக்கொண்டேதான் தூங்கினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்கு எதிரே டீக்கடையில் ஒருவன் மாஸ்டரிடம் புலம்பிக்கொண்டிருந்தான்.

"ஜன்னலோரப் பாயில எனக்கு மாத்திப் படுக்கிறவன் பெயின்ட் அடிக்கிறவன் போலண்ணே. ஒரே தின்னர் நாத்தம். மூக்குல துண்டக் கட்டிக்கிட்டுத் தூங்குறேன். மனுசனா அவன்?"

அந்தப் பாயில் படுப்பவன் நான். பெயின்ட் அடிப்பவனும் நான்தான். அவன் தலையில் எனக்குத் தெரிந்த அதே எண்ணெய் பளபளத்தது.

நாற்றம் என்பது அடுத்தவனுடையது என்றே அதுவரை நினைத்திருந்தேன். டீ கிளாஸை உதட்டருகே கொண்டுபோனேன். டீ மணக்கவில்லை. என் விரல்கள்தான் நாறின.