தாட்சாயணி அழித்த புள்ளிகள்

நகரியில் சாயப்பட்டறைக் குடும்பத்தில் பிறந்த தாட்சாயணி, புவி இயற்பியல் படித்துவிட்டுத் திருப்பதியில் ஒரு சர்வே கம்பெனியில் சேர்ந்தாள். நிலத்தடி நீரை வானிலிருந்து அளக்கும் கம்பெனி. ஹெலிகாப்டருக்கு அடியில் பெரிய வளையம் தொங்கும். அது மண்ணுக்குள் அனுப்பும் மின்காந்த அலைக்கு எப்படிப் பதில் வருகிறது என்று பார்ப்பார்கள். உப்பும் கழிவும் கலந்த நீர் வரைபடத்தில் சிவப்பாக வரும், நல்ல தண்ணீர் நீலமாக. மின்கம்பிக்குப் பக்கத்தில் எடுத்த புள்ளிகளை நம்ப முடியாது. அவற்றைத் தேடி அழிப்பது அவள் வேலை.

நகரிப் பக்கத்து அளவுகள் வந்த அன்று, ஓரிடம் திட்டாகச் சிவந்திருந்தது. அங்கே மின்கம்பி எதுவும் இல்லை. அது அவள் அண்ணன் சண்முகத்தின் பட்டறைக்குப் பின்புறம். உடனே போன் செய்தாள்.

"அண்ணே, சாயத்தண்ணிய எங்க உட்ற?"

"பின்னாடி பழைய கெணத்துலதான்." வரைபடத்தில் சிவப்பு வந்ததை அவள் சொன்னதும் சேர்த்துக்கொண்டான்: "உன்ன படிக்க வெச்சதே இந்தப் பட்டறதான். பாத்துக்கினு செய்மா."

அழிக்கும் காரணத்தை எழுதும் கட்டத்தில் 'மின்கம்பி' என்று எழுதிவிட்டு அந்தப் புள்ளிகளை அழித்தாள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. காலியான இடத்தைக் கணினி சுற்றியிருந்த நீலத்தால் நிரப்பிக்கொண்டது. அப்படித்தான் நிரப்பும் என்பது அவளுக்குத் தெரியும். அங்கே யார் போர்க்கிணறு போடப்போகிறார்கள் என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அடுத்த வருஷம் ஊருக்குப் போனபோது, பட்டறையை அடுத்த காலனியில் புதுக் குழாய் ஒன்று இருந்தது. தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த தனபாக்கியம் இவளோடு பள்ளியில் படித்தவள்.

"உங்க ஹெலிகாப்டர் மேப்ப பாத்துதான் போர் போட்டாங்க. மொதல்ல நல்லாதான் இருந்துச்சி. இப்ப வாயில வெக்க முடியல. நாலு மாசமா புள்ளைங்க இத்ததான் குட்ச்சிக்கினு இருக்குதுங்க. நீ படிச்சவ, இன்னான்னு பாத்து சொல்லு."

தாட்சாயணி ஒரு வாய் குடித்தாள். கரித்தது. தனபாக்கியத்தின் மகள் கை முழுக்கச் சொறி. தண்ணீரால்தானா என்று கேட்காமல் திரும்பி நடந்தாள்.

திங்கட்கிழமை மேலாளர் பவன்குமாரின் மேசை முன் நின்றாள்.

"சார், நகரி மேப்புல மின்கம்பின்னு எழுதுனேனே, அங்க கம்பியே இல்ல. நான்தான் வேணும்னு அழிச்சேன்."

"எந்துக்கம்மா?" என்று தெலுங்கில் காரணம் கேட்டார்.

"எங்க அண்ணன் பட்டற சார்."

அவர் அவளைத் திட்டவில்லை. எழுதிக் கொடுக்கச் சொன்னார். மூல அளவுகள் பத்திரமாக இருந்ததால் வரைபடத்தில் சிவப்பு திரும்பி வந்தது. அதிகாரிகள் போர்க்கிணற்றை மூடினார்கள். காலனிக்கு லாரித் தண்ணீர் வந்தது. பட்டறைக்கும் பூட்டு விழுந்தது. அவளுக்கு வேலை போனது. சண்முகம் பேச்சை நிறுத்திக்கொண்டான். இவை எல்லாம் அவள் எதிர்பார்த்தவைதான்.

எதிர்பாராதது தனபாக்கியத்தின் போன்.

"நீ சொல்லித்தான் மூடுனாங்களாமே. நல்லா இருப்ப தாட்சாயணி."

அந்த வாழ்த்தை வாங்கிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அவளால் முடியவில்லை. புள்ளிகளை அழித்த கதை முழுவதையும் சொன்னாள்.

"உனுக்குத் தெரிஞ்சேவா?" என்று மட்டும் கேட்டாள் தனபாக்கியம்.

"ஆமா."

போன் துண்டிக்கப்பட்டது. தாட்சாயணி இப்போது நாயுடுபேட்டையில் வேலை பார்க்கிறாள். ஊருக்குப் போனால் காலனி வழியாகப் போவதில்லை.