கலைவாணி கட்டிய கட்டு

இளவரசன் ஏறி உலுக்கினால் மரத்தில் ஒரு பழம் தங்காது என்பார்கள். மேல்சித்தாமூர் ரோட்டுப் புளியமரங்களை யார் குத்தகை எடுத்தாலும் முதலில் அவனைத்தான் தேடி வருவார்கள். மாசி, பங்குனி இரண்டு மாதமும் அவன் மேலே, அவன் பெண்டாட்டி கலைவாணி கீழே. அவன் கிளையை மிதித்து உலுக்க, அவள் மற்றப் பெண்களோடு சாக்கு விரித்துப் பொறுக்குவாள்.

மரத்தின் மேல் ஒரு பறக்கும் பாம்பு இருக்கிறது என்று அவன் சொல்லும்போதெல்லாம் ஊர் சிரித்தது. கலைவாணி மட்டும் சிரிக்கவில்லை.

"கருப்புப் பட்டை போட்ட பச்சைப் பாம்பு. முதுவுல செவப்பா பூ வெச்ச மாதிரி இருக்குது. பகல்லதான் அலையும், பல்லி ஓணான் புடிக்க. கெளை நுனிக்கு வந்து தொங்கும். கொக்கியாட்டம் வளைஞ்சி ஒரே எக்கு. வுட்டதும் ஒடம்பு நாடா மாதிரி பட்டையாயிடும். தண்ணியில நீந்துற மாதிரி நெளிஞ்சிக்கினே எதிர் மரத்துக்குப் போயிடும். றெக்கையும் கெடையாது, ஒண்ணும் கெடையாது."

அவனுக்கு அது வேடிக்கை. அவளுக்குப் பாம்பென்றாலே பயம். அவளுக்கு ஒன்பது வயதாயிருந்தபோது அவள் நைனாவைக் கட்டுவிரியன் கடித்தது. பொழுது விடிவதற்குள் போய்விட்டார். சாவுக்கு வந்தவர்கள் எல்லாரும் அவள் அம்மாவைப் பார்த்து ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: "ஒரு கட்டு கட்டியிருந்தா பொழைச்சிருப்பானே."

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பங்குனி மாதம், காலை ஒன்பது மணி இருக்கும். மேலே இருந்து இளவரசன் "ஏய்" என்று கத்தினான். பிடிமானத்துக்காகக் கை வைத்த இடத்தில் பாம்பு இருந்திருக்கிறது. இடது கைக் கட்டைவிரலுக்குக் கீழே கவ்விக்கொண்டு, விடாமல் மென்றது. உதறினான். அது கிளையோடு ஓடி, நுனியில் வளைந்து எம்பியது. ரோட்டில் போன டவுன் பஸ்ஸுக்கு மேலே, அத்தனை பெண்களின் தலைக்கும் மேலே நெளிந்து நெளிந்து போய் எதிர்ப் புளியமரத்தில் ஒட்டிக்கொண்டது.

"பாத்தீங்களா? நான் சொன்னேன்ல!" என்று சிரித்துக்கொண்டேதான் இறங்கினான்.

கீழே ஒருவரும் சிரிக்கவில்லை. "கொம்பேறி மூக்கன்டி அது. கடிச்சிட்டு சுடுகாட்டு மரத்துல ஏறி, கடிச்சவன எரிக்கிற பொகை வருதான்னு பாக்கும்" என்றாள் ஜெயசுதா, அவர்களோடு பழம் பொறுக்கும் பக்கத்து வீட்டுக்காரி.

கலைவாணிக்கு அம்மாவின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. மூட்டை கட்டும் நைலான் கயிற்றை உருவி, அவன் முழங்கைக்குக் கீழே சுற்றி, ஒரு குச்சியைச் செருகி முறுக்கினாள்.

"ஒண்ணியும் ஆவாதுடி. எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்குது."

"நீ பேசாத, மாமா. வெசம் ஏறும்."

குத்தகைக்காரர் சுந்தரமூர்த்திக்கு வேறு கவலை. ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ், கேஸ் என்று தன்னை இழுப்பார்கள் என்று பயந்தார். தன் வேனிலேயே ஏற்றி, தனக்குத் தெரிந்த பச்சிலைக்காரர் ஒருவரிடம் கொண்டுபோனார். பச்சிலைக்காரர் பிளேடால் இரண்டு கீறு கீறி, சாற்றைப் பிழிந்து, "பொழுது சாயுற வரைக்கும் கட்ட அவுக்கக் கூடாது. அவுத்தா நேரா நெஞ்சிக்குத்தான் போவும்" என்றார்.

பதினொரு மணிக்குக் கை நீலம் பாரித்தது. மத்தியானம் பச்சிலைக்காரர் வீட்டு வாசலில் கிடந்து அவன் அலறினான். "கலை, பாம்பு இல்லடி, கயிறுதான் வலிக்குது. அவுத்து வுடு. கால்ல வுழறேன்." விஷம்தான் அப்படிப் பேச வைக்கிறது என்று அவள் நினைத்தாள். மூன்று முறை வலது கையாலும் பல்லாலும் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தான். மூன்று முறையும் அவள் இறுக்கினாள். கடைசியில் அவன் நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்து, இரண்டு தோளையும் அழுத்திக்கொண்டு அழுதாள். "புருசன காப்பாத்திட்டா" என்று கூடவே வந்து சுற்றி நின்ற ஊர்க்காரர்கள் பேசிக்கொண்டது அவள் காதில் விழுந்தது.

பொழுது சாய்ந்து அவிழ்த்தபோது விரல் அசையவில்லை. ஈர மண்ணைப் போல் சில்லிட்டிருந்தது. மூன்றாம் நாள், பெரிய ஆஸ்பத்திரியில், முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

டாக்டரம்மா போனில் ஒரு படத்தைக் காட்டினார். "இதுவா கடிச்சது?"

"இதேதாம்மா" என்றான் இளவரசன்.

"இதோட விஷம் பல்லியை மயக்கத்தான் காணும். மனுஷனுக்கு ரெண்டு நாள் வீங்கும், அவ்வளவுதான். இது கடிச்சு யாரும் செத்ததாத் தெரியல." பிறகு, "கையைச் சாகடிச்சது கயிறுதான். கட்டினது யாரு?" என்றார்.

இளவரசன் கலைவாணியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஊருக்கு வந்ததும், பாம்பு விஷத்தில் கை போயிற்று என்றான். தன்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொல்கிறான் என்று அவள் உருகிப்போனாள். நான்கு நாளில் விஷயம் புரிந்தது. குழம்பில் உப்பு குறைந்தால், "ஊருல சொல்லட்டுமா, கைய யாரு எடுத்தான்னு?" என்பான். அவள் அம்மா வீட்டுக்குக் கிளம்பினால் அதே கேள்வி. வலது கை நன்றாக இருந்தும், சோற்றைப் பிசைந்து அவள்தான் ஊட்ட வேண்டும். அவள் விரலை ஒருநாள் ரத்தம் வரக் கடித்துவிட்டு, "எறும்பு கடிச்ச மாதிரிதான இருக்குது?" என்று கேட்டான்.

மறு வருடம் மாசி வந்தது. "என் மரத்துல நீ ஏறு" என்றான். சேலைக்கு மேல் அவனுடைய பழைய சட்டையை மாட்டிக்கொண்டு ஏறினாள். முதல் நாளே இரண்டு முழங்காலும் தோலுரிந்தன. அவன் கீழே நின்று, "இன்னாடி, பயமா? இன்னும் மேல போ, நுனிக்குப் போ" என்று விரட்டினான். மற்றவர்கள் அதைத் தொழில் சொல்லிக்கொடுப்பதாக நினைத்தார்கள். அவள் விழுந்தால் அவனுக்குச் சந்தோஷம் என்பது அவளுக்கு மட்டும் தெரியும். நாளாக ஆக அவள் நன்றாகவே உலுக்கினாள். அதுவும் அவனுக்குப் பொறுக்கவில்லை.

பங்குனி முடியப்போகும் நேரத்தில்தான் பாம்பைப் பார்த்தாள். இரண்டு முழத் தூரத்தில், கிளை நுனியில், வாயில் பாதி விழுங்கிய பல்லியோடு இருந்தது. செதில் ஒவ்வொன்றிலும் வெயில் பட்டு மின்னியது. அவன் சொன்னபடியே முதுகில் சிவப்புப் பூ. அது கொக்கியாக வளைந்த அந்த நொடியில், பழக்கதோஷத்தில், அவள் கால் கிளையை ஓங்கி மிதித்துவிட்டது.

எம்புவதற்குள் பிடி நழுவிய பாம்பு பாதி தூரம்தான் பறந்தது. ரோட்டில் போய் விழுந்தது.

பெண்கள் கல்லெடுத்தார்கள். "இளவரசன் கைய தின்ன சனியன்! வுடாத, அடி!" ஜெயசுதா தொரட்டிக் கழியால் இடுப்பில் போட்டாள். பாம்பு பல்லியைக் கக்கிவிட்டு, முதுகெலும்பு ஒடிந்த பிறகும் பட்டையாகி விரிந்தது, மறுபடி பறக்கப் பார்ப்பதுபோல. இளவரசன் செருப்புக் காலை அதன் தலைமேல் வைத்துக்கொண்டு, மேலே அவளைப் பார்த்தான். அழுத்தவில்லை. காத்திருந்தான்.

"வுட்டுடுங்க!" என்று மரத்திலிருந்தே கத்தினாள் கலைவாணி. "அது ஒண்ணும் பண்ணல. டாக்டரம்மாவே சொன்னாங்க. கட்டு கட்டுனது நான். அவரு அவுக்க சொல்லியும் அவுக்காம, நெஞ்சு மேல ஏறி ஒக்காந்தவ நான். கைய எடுத்தது நான்தான்!"

அப்புறம் இளவரசன் காலை அழுத்தினான்.

தன்னை யாரும் நம்பமாட்டார்கள் என்று அவள் நினைத்திருந்தாள். எல்லாரும் உடனே நம்பினார்கள். அன்று பச்சிலைக்காரர் வீட்டு வாசலில் அவளைப் புகழ்ந்தவர்கள்தான், "அப்பவே நெனைச்சேன்" என்று முதலில் சொன்னார்கள். சாயங்காலத்துக்குள் அவளுக்குக் 'கைதின்னி' என்று பேர் வந்துவிட்டது. ஜெயசுதா தன் பேத்தியைத் தூக்க அவளை விடுவதில்லை.

ஊரில் சொல்லிவிடுவேன் என்று மிரட்ட இளவரசனிடம் இப்போது ஒன்றும் இல்லை. அவன் அவளோடு பேசுவதையே விட்டுவிட்டான். ஊர் வாய்க்குப் பயந்தாலும் சுந்தரமூர்த்தி அவளைத்தான் கூப்பிடுகிறார். இந்த ரோட்டில் இப்போது அவளைப்போல் உலுக்க ஆளில்லை. அவள் ஏறிய மரத்தின் கீழே மட்டும் பெண்கள் கொஞ்சம் தள்ளி நின்று பொறுக்குகிறார்கள்.