உள்ளூர் சானலில் ஓடிய வரி

கம்பத்தில் ஒரு கேபிள் டிவி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குத் தெரிந்தது டைப்பிங் மட்டும்தான். உள்ளூர் சானலில் நாள் முழுக்கப் பாட்டு ஓடும். திரையின் அடியில் ஓடுகிற ஒற்றை வரியைக் கணினியில் அடித்துவிடுவது என் வேலை. முதலாளியின் போன் நம்பரைத் தவிர அங்கே ஓட எதுவும் இல்லை. விளம்பரம் கேட்டுப் போனால் கடைக்காரர்கள், "அதை யாரு பாக்குறாக?" என்றார்கள்.

"அண்ணே, கொஞ்ச நாளைக்குச் சும்மாவே ஊருக்கு வேண்டியதப் போடுவமே" என்றேன். முதலாளி சிரித்தார், சரி என்றார்.

கரண்ட் போகும் நேரம், கோயில் அன்னதானம், குமுளிக்கு மேலே ஏலக்காய் எஸ்டேட்டுகளுக்குக் கூலி வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றும் ஜீப்புகள் எந்த நேரம் கிளம்பும் என்றெல்லாம் போட்டேன். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து அந்த வரியைப் படிக்கிறவர்கள் பெருகினார்கள். ஜீப் ஓட்டுநர்களே தங்கள் வண்டியில் வரும் பெண்களிடம், "நாளைக்கு எப்பன்னு டிவியில பாத்துக்கங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். பழம் வெட்ட ஆள் தேடித் திராட்சைத் தோட்டக்காரர் வந்தார். அவருக்குப் பின்னால் துணிக்கடைக்காரரும் காசோடு விளம்பரம் கொண்டுவந்தார்.

முதலாளிக்கு ஆசை வந்தது. சொந்தமாக ஒரு ஜீப் வாங்கினார். "இனி நம்ம வண்டிய மட்டும் போடும்மா."

போட்டேன். ஓட்டுநர்கள் எங்கள் பக்கமே வரவில்லை. மலைக்குப் போகும் பெண்கள், "ஒரு வண்டிக்கு எதுக்கு டிவியப் பாக்கணும்?" என்று நேராக ஸ்டாண்டுக்கே போனார்கள். துணிக்கடைக்காரரும் மெல்ல நழுவினார். வயர் மட்டும்தான் எங்களுடையது, அதில் ஓடியது ஊராரின் பிழைப்பு என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அந்தச் சமயத்தில் அவர் தங்கைக்குக் கல்யாணம். முகூர்த்தத்தன்று காலையில் மண்டபத்திலிருந்து போன் செய்தார். "மேளக்காரவுக வேன் தேவதானப்பட்டிகிட்ட நின்னு போச்சாம். எம் ஜீப்பு மாப்பிள்ளை வீட்டுக்காரவுகளக் கூட்டியாரப் போயிருச்சு. என்னமாவது போடும்மா!"

"கல்யாணத்துக்கு மேளம் உடனே தேவை" என்று அடித்து, மண்டபத்தின் பெயரையும் சேர்த்தேன். மனசு கேட்காமல் நானும் மண்டபத்துக்கு ஓடினேன்.

சற்று நேரத்தில் வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. பண்ணைப்புரத்துப் பக்கத்து மேளக்காரர்கள் தவிலோடு இறங்கினார்கள். அவர்களை ஏற்றி வந்தவர், நாங்கள் வரியிலிருந்து தூக்கிய ஓட்டுநர்களில் ஒருவர். பின்னாலேயே இன்னொரு ஜீப். அதில் வேறொரு குழு. தாலி கட்டும் நேரத்துக்குத் தேவதானப்பட்டியில் நின்றவர்களும் ஏதோ ஒரு லாரியைப் பிடித்து வந்து சேர்ந்தார்கள்.

யாரைத் திருப்பி அனுப்புவது? மூன்று குழுவினரும் ஒன்றாக வாசித்தார்கள். கெட்டிமேளத்தில் மண்டபத்தின் தகரக் கூரை அதிர்ந்தது. மணப்பெண் தலையைக் குனிய மறந்து சிரித்தாள்.

பந்தியில் ஓட்டுநர்களுக்கு முதலாளியே பாயசம் ஊற்றினார். "ஏண்ணே, நான்தான் உங்க பேர எடுத்துட்டேன்ல. பெறகு எதுக்கு வந்தீக?"

"கல்யாண வீட்டுக்கு மேளம் இல்லைன்னா சும்மா இருக்க முடியுமாண்ணே?" என்றார் மூத்த ஓட்டுநர். "அதுபோக, உங்க டிவிய எங்க வீட்டுலயும்தான பாக்குறோம்."

முதலாளி வாளியைக் கீழே வைத்துவிட்டு என்னைத் தேடி வந்தார். "எல்லா வண்டியையும் வரியில ஏத்தும்மா. நம்மளது கடைசியில வரட்டும்."

மறுநாள் நான் கதவைத் திறக்கும்போதே மூன்று மேளக் குழுக்காரர்களும் வாசலில் நின்றார்கள். எங்கள் வரியில் யார் பெயர் முதலில் ஓட வேண்டும் என்று அவர்களுக்குள் ஒரே சண்டை. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.