ஒத்துப்போன பிழைகள்

புரோகிராமைச் சோதிப்பது பெரிய வேலையில்லை. அந்தச் சோதனை நல்ல சோதனைதானா என்று பார்ப்பதுதான் வேலை. எண்பதுகளின் நடுவில் யாழ்ப்பாண நகரில் ஒரு சின்னக் கொம்பியூட்டர் நிலையத்தில் இருந்தபோதே இதை அடித்துச் சொன்னேன், இன்றும் சொல்வேன்.

பிள்ளைகளுக்கான சிகிச்சை நிலையம் ஒன்று எங்களிடம் புரோகிராம் கேட்டிருந்தது. வயதைக் கொடுத்தால் காய்ச்சலுக்குப் பருக்கும் பாணி மருந்து எவ்வளவு என்று அச்சடித்துத் தரவேண்டும். அளவு பிசகினால் பிள்ளைக்கு ஆபத்து. நானும், கூட வேலை செய்த மண்டைதீவுத் தோழியும் ஒருவர் பார்ப்பதை மற்றவர் பாராமல் தனித்தனியே பிழை தேடினோம். வேறு வேறு பிழைகளைக் கண்டால் உள்ளே இன்னும் நிறையக் கிடக்கிறது. அதே பிழைகளையே இருவரும் கண்டால் மிச்சம் குறைவு. அதுதான் முறை.

நாங்கள் கண்ட பிழைகள் அப்படியே ஒத்துப்போயின. தோழி துள்ளினாள். எனக்கோ சுருக்கென்றது. ஒரே பள்ளிக்கூடம், ஒரே வாத்தியார், தினமும் ஒரே ஊர்காவற்றுறை பஸ். கண்ணும் ஒன்றாகத்தானே இருக்கும், தவறவிடுவதும் ஒன்றாகத்தானே இருக்கும்? சொன்னபடி திங்கட்கிழமை சிகிச்சை நிலையத்துக்குக் கொடுக்க முடியாது என்றேன்.

"உமக்கு விசரே?" என்று கேட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். நான் மசியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஊர்காவற்றுறையில், கொம்பியூட்டரையே கண்டிராத அக்காவின் குசினிக்குள் போய் அடுப்பருகே நின்று, அவள் இடுப்பிலிருந்த பிள்ளையைக் காட்டி, கொம்பியூட்டர் கேட்கிற மாதிரியே வயது கேட்டேன்.

"ரண்டு நடக்குது."

போன மாதம்தான் அதன் முதலாவது பிறந்தநாளுக்குக் கேக் வெட்டியிருந்தோம். எங்கள் பக்கத்துத் தாய்மார் நடக்கிற வயதைத்தான் சொல்வார்கள். விண்ணப்பம் நிரப்பிப் பழகிய நாங்கள் இருவரும் முடிந்த வயதைக் கொடுத்தே சோதித்திருந்தோம். புரோகிராம் இந்தக் குஞ்சுக்கு இரண்டு வயதுப் பிள்ளையின் மருந்தை எழுதியிருக்கும்.

மறுநாள் தோழியிடம் சொன்னேன். "எங்கட அம்மாவும் அப்பிடித்தான் சொல்லுறவ" என்று கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வயதைத் தூக்கிவிட்டுப் பிறந்த திகதியைக் கேட்க வைத்தோம். அதன்பிறகு எங்களைப் போலில்லாத ஒருவரிடம் கொடுத்துப் பாராமல் நான் எதையும் வெளியே விட்டதில்லை.

மாரி தொடங்க அக்காவின் பிள்ளைக்குக் காய்ச்சல் கொதித்தது. சிகிச்சை நிலையத்தில் அச்சடித்துக் கொடுத்த துண்டோடு வந்தவள், பாணிப் போத்தலைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"இந்த அளவு சரிதானே?"

"ஓம்" என்றேன். கரண்டியை வாங்கி நானே பருக்கினேன்.