உறைமாவுக்குக் காவல்

பள்ளிப்பட்டில் சாந்தகுமாரின் ரொட்டிக்கடையைத் தெரியாதவர்கள் கிடையாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். டின்னில் வரும் ஈஸ்டைக் காசு கொடுத்து வாங்காமலே பஞ்சு போல ரொட்டி சுட்டான். அவனைத் தூக்கி வளர்த்த அக்கா ஜெயகுமாரிக்கு அதில் பெருமைதான். ஆனாலும் அந்த ரொட்டி எப்படி உப்புகிறது என்பதில் அவளுக்கு ஒரு சந்தேகம் இருந்தது.

மதுவிலக்கு வருமுன் ரொட்டிக்காரர்கள் கள் விட்டுத்தான் மாவு பிசைவார்கள். தம்பியின் கடையிலோ மைதா மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு பீங்கான் ஜாடி இருந்தது. அதைத் திறந்தால், நைனா சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போது வந்த அதே வாடை. பெற்ற நைனாவைக் குடிதான் கொண்டுபோனது. தம்பியையும் அப்படிப் பறிகொடுக்க அவள் தயாராயில்லை.

கேட்டால் அது உறைமாவு, பாலுக்கு உறைமோர் போல ரொட்டி மாவை உப்பவைக்கும் புளித்த மாவு என்பான். சித்தூர் மிஷன் ஆஸ்பத்திரி லேப்பில் வேலை பார்க்கும் இன்பசேகரன், அதில் ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்துக் காட்டினாராம். முட்டை வடிவத்தில் ஈஸ்ட், குச்சி வடிவத்தில் பாக்டீரியா, இரண்டும் கலந்தே கிடந்தனவாம். மாவிலிருந்து வரும் ஒரு சர்க்கரையை அந்த ஈஸ்டால் தொட முடியாது. பாக்டீரியா அதை உடைத்துத் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதியை வெளியே விடும். ஈஸ்ட் அதைத் தின்னும். ஈஸ்ட் வெளியே விடும் சத்தில் பாக்டீரியா வளரும். பாக்டீரியா உண்டாக்கும் புளிப்பு, வேறு கிருமிகளை அண்டவிடாது.

"மாவு இருக்கிறவரைக்கும் ரெண்டும் பங்கு போட்டுத் துன்னுக்கினு சண்டையில்லாம இருக்கும்க்கா. மாவு தீர்ந்தா ஈஸ்ட் சோர்ந்துடும், வெறும் புளிப்புதான் மிஞ்சும்," என்பான்.

ஜெயகுமாரி நம்பவில்லை. ஆஸ்பத்திரியில் பினாயில் ஊற்றிக் கொல்கிற கிருமியை யாராவது சாப்பாட்டுக்கென்று வளர்ப்பார்களா? குடிக்கிறவனுக்குத்தான் இப்படிக் கோர்வையாகக் கதை வரும் என்று நினைத்துக்கொண்டாள்.

அறுபதாம் வருஷம் ஏப்ரலில் எல்லை பிரித்தார்கள். பள்ளிப்பட்டு மதராஸோடு போனது, சித்தூர் ஆந்திராவிலேயே நின்றது. மைதா சித்தூரிலிருந்துதான் வர வேண்டும். மூட்டைக்கு மூட்டை எல்லைக் காவலர்களுக்குப் பதில் சொல்ல முடியாமல் சாந்தகுமார் கடையையே சித்தூருக்கு மாற்றினான். மிஷன் ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு ரொட்டி கொடுக்க ஒப்புக்கொண்டிருந்தான். போய்ச் சேர்ந்த மறுநாள் காலை முதல் ரொட்டி சரியாக வராவிட்டால் அந்த வேலை வேறு கைக்குப் போய்விடும். விடியுமுன்னே சாமான்களோடு மாட்டுவண்டியில் கிளம்பியவன், வண்டி குலுக்கலில் ஜாடி உடையுமென்று அதை அக்காவிடம் கொடுத்து, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வரச் சொன்னான். வாடை கடுமையானால் கலக்கிவிடச் சொல்லி ஒரு பை மைதாவும் கொடுத்தான்.

வெயில் ஏற ஏற ஜாடி பொங்கியது. மூடித்துணி நனைந்து அவள் சேலையில் நுரை வழிந்தது. பஸ் முழுக்க வாடை. பக்கத்து சீட்டு முனியப்பன் மூக்கை உறிஞ்சிச் சிரித்தார்.

"ஏம்மா, சரக்கு உன்னுதா, ஊட்டுக்காரருதா?"

பாலசமுத்திரம் பக்கத்தில் புதிதாகப் போட்டிருந்த தடுப்புக் கம்பத்தில் பஸ் நின்றது. சிட்டிபாபு என்ற காவலர் ஏறி, நேராக அவளிடம் வந்து துணியை விலக்கினார். பொங்கியதெல்லாம் அதற்குள் அமுங்கி, மேலே தண்ணீர் தெளிந்து நின்றது.

"இதி கள்ளு காதாம்மா?" இது கள் இல்லையா என்று தெலுங்கில் கேட்டார்.

கள் இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. பொய் சொல்லிப் பழக்கமில்லை. உண்மை என்னவென்றும் தெரியவில்லை. உறைமாவு என்று தம்பி சொன்னான் என்றாள். அவர் ஜாடியோடு அவளை இறக்கினார். பஸ் போய்விட்டது. ஜாடி யாருடையதென்று தெரியாது என்று சொல்லிவிட்டால், கவிழ்த்துவிட்டு அவளை அடுத்த பஸ்ஸில் ஏற்றுவதாகச் சொன்னார்.

ஜெயகுமாரி ஜாடியைப் பார்த்தாள். வாடை மூக்கில் குத்தியது. சொல்லிவிட்டால் வாடையும் தொலையும், தம்பியின் கடையும் தொலையும். பிறகு கையைக் கழுவிக்கொண்டு மைதாப் பையை அவிழ்த்தாள். கள்ளாக இருந்தால் இனி யாரும் குடிக்க முடியாதபடி கெட்டுப்போகட்டும். தம்பி சொன்னது நிஜமென்றால் உள்ளே இருக்கிற இரண்டும் பசியாறட்டும். காவலரின் பானையிலிருந்தே தண்ணீர் வாங்கிக் கெட்டியாகக் கலக்கினாள். கரித்துண்டால் வெளியே மாவின் மட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தாள். காவலர் ஜாடியைக் கவனித்தார். அவள் ஜாடியையும் காவலரையும் மாறி மாறிக் கவனித்தாள்.

முதலில் வாடை மாறியது. குத்தல் போய் மாவு மணம் வந்தது. நிழல் நீளத் தொடங்கியபோது மாவு கோட்டைத் தாண்டியிருந்தது. சிட்டிபாபு விரலை விட்டு எடுத்தார். இட்லி மாவு போல நூலாக இழுத்தது.

"குடிக்கிறவன் எவனும் இதுல மாவைக் கொட்டமாட்டான்," என்று தமிழிலேயே சொன்னார். ஆனாலும் விரலை இன்னொரு தரம் முகர்ந்துவிட்டுத்தான் அடுத்த பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தினார்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்கு ரொட்டி போனது. மறுபடி வேண்டும் என்று சொல்லியனுப்பினார்கள். சூடான ரொட்டியைப் பிய்த்தபடி ஜெயகுமாரி கேட்டாள்.

"நெஜத்தைச் சொல்லு. முதமுதல்ல இதுல கள்ளு ஊத்தினியா இல்லியா?"

"வெறும் மாவும் தண்ணியும்தாங்க்கா."

அவள் எழுந்துபோய் அவன் வாயை முகர்ந்து பார்த்தாள். ரொட்டி வாசனைதான் வந்தது. அன்றிலிருந்து ஜாடிக்கு மாவு போடுகிற வேலையை அவளே எடுத்துக்கொண்டாள். அவன் கலக்கினால் என்ன கலக்குவான் என்று யார் கண்டது?